வேலையைச் சொல்லும் பெயர்

(நெடுங்கேணியில் உயர்தர மாணவர்களும் பெற்றோரும் அரச அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காணி, யானை, குளம், வீதி என்று கதைக்க எவ்வளவோ கிடக்கும் ஊரில், பதவிப் பெயர்களையும் பட்டங்களின் பெயர்களையும் பற்றிக் கதைக்க இவர் வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். காணிப் பிணக்கை யாரிடம் கொண்டுபோவது? யானை மிதித்த வயலை யார் வந்து பார்ப்பார்? பிள்ளை எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை, கதவிலோ படிவத்திலோ எழுதியிருக்கும் ஒரு பெயரில்தான் தொடங்குகிறது. அந்தப் பெயர் விளங்காதவருக்கு உரிமை இருந்தும் இல்லாத மாதிரித்தான். கொழும்பில் இருப்பவர் ஒரு கதவு பிழைத்தால் அடுத்த கதவைத் தட்டலாம். மருதோடையிலிருந்தோ வெடிவைத்தகல்லிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த வசதி இல்லை.

வன்னியில் ஒரு செயலகத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். எந்தச் செயலகம் என்பது இங்கே முக்கியமில்லை. நடுத்தர வயது அம்மா ஒருவர், பிளாஸ்ரிக் பையில் சுற்றிய கோப்போடு வந்து நின்றார். மகன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். தகப்பன் இல்லை. “தம்பி, பிள்ளையின்ர விசயம் கதைக்க ஆரைப் பாக்கோணும்?” என்று முதல் மேசையில் கேட்டார். மேசையில் ‘அபிவிருத்தி உத்தியோகத்தர்’ என்று எழுதியிருந்தது. அந்தத் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: “அம்மா, அது என்ர பகுதி இல்லை, அங்கால கேளுங்கோ.” அங்கால இருந்த மேசையிலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும் அதே பெயர். கடைசியில் ஒருவர் எழுந்து வந்து, நன்னடத்தை உத்தியோகத்தரைப் பாருங்கோ என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. “என்ர பிள்ளை களவெடுக்கேல்லை ஐயா” என்றார். எவ்வளவு சொல்லியும் அந்தக் கதவுக்குப் போகவில்லை. பையைச் சுருட்டிக்கொண்டு மத்தியான பஸ்சுக்குப் போய்விட்டார்.

அங்கே இருந்த எவரும் கெட்டவரில்லை, கடமையில் தவறியவருமில்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வேலையில் பெரும்பகுதி பிள்ளைகளைப் பாதுகாப்பதுதான். ஆனால் கதவில் இருந்த பெயர் அந்தத் தாய்க்கு ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டது. மற்ற மேசைகளில் இருந்த பெயர் எதையுமே சொல்லவில்லை. ஒரு பெயர் பயப்படுத்தியது, மற்றது பேசாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் படிப்பு போனது.

அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த அவையில் அந்தப் பதவியில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்களுக்காகவும் சேர்த்துத்தான் பேசுகிறேன். பல்கலைக்கழகம் முடித்து வேலையில்லாமல் இருந்தவர்களை அரசு காலத்துக்குக் காலம் பெருந்தொகையாக எடுத்தது. 2012இல் எடுத்தார்கள். 2020இல் ஏறத்தாழ 50,000 பேரைப் பட்டதாரிப் பயிலுநர்களாக எடுத்தார்கள். ஒருவர் புவியியல் படித்தவர், ஒருவர் இந்து நாகரிகம், இன்னொருவர் கணக்கியல். எல்லோருக்கும் ஒரே பெயர் கொடுத்து, கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவைகள் நிலையத்துக்கும் பாடசாலைக்கும் அனுப்பினார்கள். வேலை இன்னதென்று தீர்மானிக்கும் முன்பே ஆட்களை எடுத்ததால், எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடிய ஒரு பெயர் தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் எதையும் சொல்லாது.

அதன் பலனை அதிகமாக அனுபவிப்பவர்கள் பாடசாலைகளில் இணைக்கப்பட்டவர்கள். காலையில் வகுப்பில் நின்று கணிதம் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகள் ‘சேர்’ என்றும் ‘ரீச்சர்’ என்றும் கூப்பிடுகிறார்கள். சம்பளத்தாளில் அவர்கள் ஆசிரியர்கள் இல்லை. ஆசிரியர் சேவைக்குள் எங்களை உள்வாங்குங்கள் என்று கேட்டு அவர்கள் கொழும்பு வீதிகளில் இறங்க வேண்டி வந்தது. செய்கிற வேலையின் பெயரைத் தாருங்கள் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் சாரம். அதில் பேராசை என்ன இருக்கிறது?

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் சில பதவிகளுக்குச் சனங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்த் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். பிறகு கிராம உத்தியோகத்தர் என்றும் கிராம அலுவலர் என்றும் பலகை மாறியது. வயதுபோன ஆட்கள் இன்றைக்கும் விதானையார் என்கிறார்கள், இளம் ஆட்கள் ஜி.எஸ். என்கிறார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆள் பிழைப்பதில்லை. வதிவிடச் சான்றிதழ் வேண்டுமா, வெள்ளம் வந்ததா, குடும்ப அட்டை பதிய வேண்டுமா, அவர்தான். குடும்பநல உத்தியோகத்தரும் அப்படித்தான். கர்ப்பிணியின் வீட்டுக்கு வருகிறவர், பிள்ளையின் நிறையைப் பார்க்கிறவர், தடுப்பூசிக்குத் திகதி சொல்கிறவர். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் ‘மிட்வைப்’ என்றால் ஊருக்கே தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அப்படியே; ‘பி.எச்.ஐ.’ என்றால் கடைக்காரர் உடனே பலகாரத் தட்டை மூடுகிறார்.

இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வேலை தெளிவாக இருந்தால், அரசு மூன்று தரம் பெயரை மாற்றினாலும் சனங்கள் தங்கள் பெயரை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். சனங்களால் ஒரு பட்டப்பெயர்கூட வைக்க முடியாத பதவி இருக்கிறதென்றால், அங்கே பலகையில் மட்டுமல்ல, வேலைப் பகிர்விலேயே குழப்பம் இருக்கிறது. அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு ஊர் என்ன பெயர் வைத்தது? ‘அந்த மேசையில இருக்கிற தம்பி.’ நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவரை மேசையை வைத்து அடையாளம் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

விவசாயத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. விவசாயப் போதனாசிரியர் என்றால் பயிர்ச்செய்கையைச் சொல்லித்தருபவர் என்று கமக்காரருக்கு விளங்கும். அவருக்குப் பக்கத்திலேயே விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர் என்றொரு பதவி. கமக்காரர் பதிவு, பசளை மானியம், பயிரழிவு என்று கிராமத்தோடு நேராகத் தொடர்புள்ள அருமையான வேலை அது. பெயரைக் கேட்டால் எங்கோ ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கியோடு நிற்பவர் என்று தோன்றும். குளவிசுட்டானில் உளுந்து அழிந்துபோன ஒருவர் அந்தப் பெயரைப் பார்த்து, இவர் தனக்கானவர் என்று எப்படி அறிவார்?

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பழைய பெயர்கள் தெளிவாகத்தானே இருந்தன, அவற்றை ஏன் மாற்றினார்கள்? நம்முடைய பழைய தொழிற்பெயர்கள் பல சாதிப் பெயர்களாகவும் இருந்தன. ஒருவரின் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவது அவருடைய பிறப்பைச் சொல்லி மட்டந்தட்டுவதாக இருந்தது. ‘பியோன்’ என்று மணியடித்துக் கூப்பிட்டதை, ‘கூலி’ என்று பதிவேட்டில் எழுதியதை இனியும் தொடர வேண்டும் என்று மனச்சாட்சி உள்ள எவரும் சொல்ல மாட்டார். அலுவலக உதவியாளர் என்ற பெயர் வந்தது நல்லது. அதே பெயரில் வேலையும் தெரிகிறது, மரியாதையும் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெயரும் அப்படிப்பட்டதே. மரியாதைக்கும் தெளிவுக்கும் பகை இல்லை என்பதற்கு இவை சாட்சி. வெறும் பெயர்மாற்றத்தோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். குப்பை அள்ளுபவரைச் சுகாதாரத் தொழிலாளி என்கிறோம். சரி. கையுறையும் சப்பாத்தும் ஒழுங்காகக் கிடைக்கிறதா? இலிகிதராக இருந்தவர் முகாமைத்துவ உதவியாளராகி, இப்போது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஆகியிருக்கிறார். அவருடைய மேசைக்கு எந்தக் கடிதத்தோடு போக வேண்டும் என்பது முன்பு தெரிந்தது. இப்போது கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

பதவியின் பெயரை மாற்றுவது கொழும்பில் அமைச்சரவையும் சேவைப் பிரமாணக் குறிப்பும் சம்பந்தப்பட்ட விசயம், அது நம் கையில் இல்லை. ஆனால் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத எவரும் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று இருக்கட்டும். அதன் கீழே, ‘பெண் தலைமைக் குடும்பங்களின் வாழ்வாதார உதவி’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். வெளிக்களத்துக்குப் போகும் நாள் எது, அன்றைக்கு யாரைப் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் கடமைப் பட்டியல் இருக்கிறது, அது கோப்புக்குள் கிடக்கிறது. அதன் முதல் வரியை வெளியே எடுத்து வைக்கத்தான் கேட்கிறேன். பொதுமக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. இந்த அலுவலகத்தில் இன்ன பதவியில் இருப்பவரின் கடமைகள் எவை என்று ஒரு கடிதம் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்படிக் கேட்பது சண்டை பிடிப்பதாகாது.

இனிப் பிள்ளைகளின் விசயத்துக்கு வருகிறேன். இன்று நான் வந்ததே அதிகமும் இதற்காகத்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இறங்கினால், ஒரே சுற்றுவட்டத்தில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஒன்று. அதே பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பவியல் பீடம் இன்னொன்று. ஜேர்மனியின் உதவியோடு கட்டி 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மூன்றாவது. மூன்று வாசலுக்குள்ளும் இயந்திரங்கள் இருக்கின்றன, மின்சுற்றுகள் இருக்கின்றன, எண்ணெய் படிந்த கைகள் இருக்கின்றன. மூன்றும் நாட்டுக்குத் தேவை. ஆனால் மூன்றிலிருந்தும் வெளியே வருபவர்கள் மூன்று வேறு தொழில்களுக்குப் போகிறவர்கள். இதை நம் வீடுகளில் எத்தனை பேர் பிரித்து அறிந்திருக்கிறோம்?

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை 2013இல் தொடங்கினார்கள், முதல் தொகுதி 2015இல் பரீட்சை எழுதியது. அந்தப் பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் தொழில்நுட்பமாணி, உயிர்முறைமைகள் தொழில்நுட்பமாணி என்ற பட்டங்கள் வந்தன. முதலாவதைக் கேட்ட தகப்பன், மகன் ‘இஞ்சினியர்’ ஆகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்கிறார். இரண்டாவதைக் கேட்ட தாய், ‘உயிர்’ என்றும் ‘பயோ’ என்றும் வருவதால் வைத்தியத்துறைக்குப் பக்கத்தில் ஏதோ என்று நினைக்கிறார். பயிர், கால்நடை, உணவு பதனிடல் போன்றவற்றுக்கான தொழில்நுட்பம் அது. நெல்லும் உளுந்தும் பாலும் உள்ள நம் மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு வேறு எது? பெயர் அதைச் சொல்லாததால், விரும்பிப் போயிருக்கக்கூடிய பிள்ளை போகவில்லை. போன பிள்ளை நான்காம் வருடத்திலும் சொந்தக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பொறியியலாளர், பொறியியல் தொழில்நுட்பவியலாளர், தொழில்நுட்பர் (ரெக்னீசியன்) என்ற வேறுபாடு நம் நாடு கண்டுபிடித்ததல்ல. உலகத்தில் அதற்கு மூன்று தனித்தனி உடன்பாடுகள் உண்டு. பொறியியலாளருக்கு 1989இன் வாசிங்டன் உடன்பாடு, தொழில்நுட்பவியலாளருக்கு 2001இன் சிட்னி உடன்பாடு, மூன்றாமவருக்கு 2002இன் டப்ளின் உடன்பாடு. வாசிங்டன் உடன்பாட்டில் இலங்கை 2014இல் முழு உறுப்பானது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியல் பேரவையை அமைத்து, பட்டயப் பொறியியலாளர் தொடக்கம் தொழில்நுட்பர் வரை வகை பிரித்துப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆகவே பட்டத்தின் பெயரில் வருகிற ஒரு சொல், நாளைக்கு எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் என்பதைத் தீர்மானிக்கலாம். சேர்ந்த பிறகு அறிவதைவிடச் சேர முன் அறிவது நல்லது. வன்னிப் பெற்றோருக்கு அதைச் சேர முன் சொல்லும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

பெயராவது பரவாயில்லை, எண் இன்னும் மோசம். தேசிய தொழிற்தகைமை, அதாவது நாம் என்.வி.கியூ. என்பது, 7 மட்டங்கள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பல்கலைக்கழகங்களுக்கு வேறொரு சட்டகம் இருக்கிறது. 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் இப்போது 12 மட்டங்கள் கொண்டது. அதில் 5ஆம் மட்டம் மூன்று வருடப் பட்டம், 6 நான்கு வருடச் சிறப்புப் பட்டம், 12 கலாநிதி. இதோடு முடியவில்லை. நகரங்களில் தனியார் நிறுவனங்கள் பிரித்தானிய மட்டங்களைப் பதாகைகளில் போடுகின்றன. அங்கே 7 என்பது முதுமாணியின் மட்டம். ஆகவே ‘லெவல் 7’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அது தொழிற்கல்விப் பட்டமா, பல்கலைக்கழகப் பட்டப்பின் சான்றிதழா, பிரித்தானிய முதுமாணி மட்டமா? மூன்றுமே சரி! நகையை அடகுவைத்துக் கட்டணம் கட்டும் தாய் இதை எப்படிப் பிரித்தறிவார்? பதாகையில் எண்ணைப் போடுபவர் எந்த ஏணியின் எண் என்று அதற்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும்.

எந்தத் தகைமை எதற்குச் சமம் என்ற குழப்பம் இந்த நாட்டில் இரத்தம் சிந்தவும் வைத்தது. உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள், தங்கள் கற்கை பட்டத்துக்குச் சமமானது என்ற ஏற்பைத் திருப்பித் தரும்படி கேட்டு 2015 ஒக்ரோபரில் கொழும்பில் ஊர்வலம் போனார்கள். பொலிசார் அடித்தார்கள். நாடு முழுவதும் அந்தப் படங்களைப் பார்த்தது. நான்கு வருடம் படித்த பிள்ளைகள் தங்கள் தாளுக்கு என்ன பெறுமதி என்று தெருவில் நின்று கேட்க வேண்டி வந்ததே, அதைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

வேறு நாடுகள் என்ன செய்தன என்றும் பார்ப்போம். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அந்தக் குழு குறித்த பெயர்களில் மட்டுமே பட்டம் வழங்கலாம் என்கிறது. 2014இல் அந்தப் பட்டியலைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் இன்ன பட்டம் இன்ன பட்டத்துக்குச் சமம், இன்னது சமமல்ல என்று அரசாணைகள் வந்தபடியே இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது என்பதுதான் அதில் தெரிகிறது.

ஜேர்மனியில் வேறு வழியைக் கைக்கொண்டார்கள். 1969இல் முதலில் வந்த தொழிற்பயிற்சிச் சட்டத்தின் வழியில் அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட தொழில்கள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ஒழுங்குவிதி. அந்த ஒரே தாளில் தொழிலின் பெயர், பயிற்சிக் காலம், கற்க வேண்டியவை மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடி இருந்துதான் அதை எழுதுகிறார்கள். வாகன இயந்திரம் திருத்துபவரும் வாகன மின்சாரம் பார்ப்பவரும் முன்பு இரண்டு தொழிலாளிகள். வாகனத்துக்குள் கணினி புகுந்து வேலை ஒன்றாகிவிட்டதும், 2003இல் இரண்டையும் சேர்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள். முதலில் வேலை மாறியது, பிறகுதான் பெயர் மாறியது. அங்கே ஒரு கராஜ் முதலாளி சான்றிதழின் தலைப்பைப் பார்த்தாலே, இந்தப் பிள்ளைக்கு பிரேக்கைத் திருத்தவும் வயரிங் பார்க்கவும் தெரியும் என்று விளங்கிக்கொள்கிறார். புளியங்குளத்து கராஜ்காரர் நம் பிள்ளையின் என்.வி.கியூ. தாளைப் பார்த்து அப்படி விளங்கிக்கொள்ளும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

நம் பக்கத்திலும் நல்ல பெயர்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று பட்டங்கள் இருக்கின்றன. முடித்தவர் என்ன செய்வார் என்று எவருக்கும் விளங்கும். 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் நம் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் விஞ்ஞானம் இருக்கிறது, செயற்றிட்ட முகாமைத்துவம் இருக்கிறது. முதலாவது பெயரிலேயே விளங்கும். இரண்டாவதை, கட்டிடம், வீதி, நிவாரணம் போன்ற வேலைகளைத் திட்டமிட்டுக் காலத்துக்கும் செலவுக்கும் உள்ளே முடிப்பிக்கும் கலை என்று சொன்னால்தான் ஒலுமடுவில் இருக்கும் தகப்பனுக்குப் பிடிபடும். அந்த ஒரு வசனத்தைக் கைநூலில் தமிழில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

பிள்ளைகளே, பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் குறுகிய காலந்தான் இருக்கும். விருப்ப ஒழுங்கை நிரப்பும்போது ரியூசனில் பக்கத்தில் இருந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். சந்தேகமான பட்டம் என்றால் பீடத்துக்கு மின்னஞ்சல் போட்டு, இதை முடித்தவர் எந்தச் சபையில் எந்த வகையில் பதிவு பெறலாம், அரச சேவையில் எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நம் ஊரிலிருந்து அந்தந்தப் படிப்புகளை முடித்த அண்ணாமார் அக்காமார் சிலரை அழைத்திருக்கிறோம், முன்வரிசையில் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போங்கள். பட்டத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். காலையில் வேலைக்குப் போனதும் முதலில் கையில் எதை எடுக்கிறீர்கள், பின்னேரம் வரை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.